டான்ஸ்பாண்ட்

டான்ஸ்பாண்ட் என்பது சுவீடன் நாட்டில் இணை நடனம் ஆடுவோருக்காக வாசிக்கும் இசைக்குழுக்களையும், அக்குழுக்களின் வழியே 1960களின் இறுதியிலிருந்து உருப்பெற்ற தனி இசைவகையையும் ஒருசேரக் குறிக்கும் சுவீடிய மொழிச் சொல்லாகும். பாடகர், கிதார், பேஸ் கிதார், விசைப்பலகை, டிரம்ஸ், சாக்சபோன் அல்லது அக்கார்டியன் ஆகியவற்றுடன் ஐந்து முதல் ஏழு பேர் வரை கொண்ட குழு மேடையில் நிற்கும். மேடைக்கு முன்னால் நாற்காலிகள் இரா. மரத்தளம் மட்டுமே இருக்கும். இத்தளம்தான் இந்த இசையைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல். மற்ற இசைவகைகளில் கேட்பவரின் காது தீர்ப்புச் சொல்கிறது. டான்ஸ்பாண்ட் இசையில் தீர்ப்புச் சொல்வது ஆடுபவரின் கால். பாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் தளம் காலியாகிவிட்டால் அக்குழு அன்று தோற்றுவிட்டது என்றே பொருள்.

இந்த ஒரு வேறுபாட்டின் காரணமாகவே இவ்விசை சுவீடனில் பெருந்திரளான மக்களால் விரும்பப்பட்டும், திறனாய்வாளர்களால் நீண்ட காலம் இகழப்பட்டும், சட்டத்தாலும் வரியாலும் மற்ற இசையிலிருந்து தனியே பிரித்து நடத்தப்பட்டும் வந்துள்ளது. அண்டை நாடான நோர்வேயிலும் இவ்வகைக் குழுக்கள் உள்ளன. 1964 இல் தொடங்கப்பட்ட ஓலெ இவார்ஸ் அவற்றுள் பரவலாக அறியப்பட்டதாகும்.

பெயர்

சொல்லின் நேர்ப்பொருள் "நடனக் குழு" என்பதாகும். எனினும் குழுவினர் நடனம் ஆடுவதில்லை, நடனத்திற்கு வாசிக்கின்றனர். 1950கள் வரை இப்பணியைச் செய்தவை "நடன ஆர்க்கெஸ்ட்ரா" என்றே அழைக்கப்பட்டன. அவை பெரும்பாலும் ஜாஸ் இசையின் சாயல் கொண்டவை. மின்கிதார் வந்து குழுக்களின் அளவு சுருங்கியபின் 1970களில் டான்ஸ்பாண்ட் என்ற சொல் நிலைபெற்றது.

குழுக்களின் பெயர்களிலும் ஒரு மரபு உண்டு. நிறுவனர் அல்லது தலைவரின் பெயரோடு சுவீடிய மொழியின் உடைமை விகுதியான "ஸ்" சேர்க்கப்படும். தோர்லெய்ஃப்ஸ், இங்மார் நூர்ட்ஸ்ட்ரெம்ஸ், ஸ்வென்-இங்வார்ஸ் ஆகியன இவ்வாறு அமைந்தவை. பின்னர் அந்த விகுதியின் இடத்தில் புதுமைக்காக "இசட்" என்ற எழுத்தை இடும் வழக்கமும் தோன்றியது (லாஸ்ஸெ ஸ்டெஃபான்ஸ், லார்ஸ்-கிறிஸ்டெர்ஸ்). தமிழில் எழுதும்போது இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்ட இயலாது. சுவீடியக் காதுக்கும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு சுவரொட்டியில் மட்டும்தான்.

மக்கள் பூங்காக்கள்

டான்ஸ்பாண்ட் இசையின் தாயகம் "ஃபோல்கெட்ஸ் பார்க்" எனப்படும் மக்கள் பூங்காக்களாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சுவீடனின் தொழிலாளர் இயக்கத்திற்குக் கூட்டம் நடத்த இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. நில உடைமையாளர்கள் இடம் தர மறுத்தனர். ஆகவே தொழிலாளர் சங்கங்கள் தாமே நிலம் பெற்றுப் பூங்காக்களை அமைத்தன. 1891 இல் மால்மே நகரில் அமைந்த பூங்கா இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது. 1905 இல் பூங்காக்களுக்கான நடுவண் அமைப்பு ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. அரசியல் உரைக்காகத் தொடங்கிய இடத்தில் நாடக அரங்கும் நடன மேடையும் சேர்ந்தன. பூங்காவை நடத்தும் செலவில் பெரும்பங்கை ஈடுசெய்தது நடனத்திற்கான நுழைவுச்சீட்டே.

கோடைகாலம் குறுகியதாகவும் அக்காலத்து இரவுகள் வெளிச்சமாகவும் இருக்கும் நாட்டில், திறந்தவெளி நடனத்தளம் இளைஞர் ஒருவரையொருவர் சந்திப்பதற்கான முதன்மையான இடமாயிற்று. இதைக் கண்டு எல்லோரும் மகிழவில்லை. 1930களின் இறுதியிலும் 1940களிலும், நடனத்தளங்கள் இளைஞரைக் கெடுக்கின்றன என்ற கூக்குரல் திருச்சபைப் பேச்சாளர்களிடமிருந்தும் செய்தித்தாள்களிலிருந்தும் எழுந்தது. "நடனத்தளக் கேடு" என்று பொருள்படும் ஒரு சொல்லே அப்போது சுவீடிய மொழியில் உருவாயிற்று. இந்த ஐயப்பாடு பின்னாளில் சட்டத்தில் எவ்வாறு ஒட்டிக்கொண்டிருந்தது என்பது கீழே கூறப்படுகிறது.

ஒரு நடன இரவு

டான்ஸ்பாண்ட் நிகழ்ச்சி ஒன்று பொதுவாக நான்கு மணி நேர அளவில் நடைபெறும். இடையில் சிறு இடைவேளைகள் உண்டு. இதன் உள்ளமைப்பை அறியாதவருக்கு ஒரு குழு ஒரே மாதிரியான பாடல்களை வரிசையாக வாசிப்பதாகவே தோன்றும். உண்மையில் அங்கு எழுதப்படாத ஒரு நெறிமுறை இயங்குகிறது.

பாடல்கள் இரண்டிரண்டாக வாசிக்கப்படும். ஒருவர் மற்றவரை ஆட அழைத்தால் அந்த அழைப்பு இரண்டு பாடல்களுக்கானது. முதல் பாடல் முடிந்ததும் இணைகள் தளத்திலேயே நின்று ஓரிரு சொற்கள் பேசிக்கொள்வர். இரண்டாம் பாடல் முடிந்ததும் நன்றி கூறிப் பிரிவர். இரண்டாவதற்குப் பின்னும் தளத்தை விட்டு நீங்காமல் நின்றால் அதற்கே ஒரு பொருள் உண்டு. ஆகவே குழு, ஒரு சோடியில் உள்ள இரண்டு பாடல்களும் ஒரே நடனத்திற்கும் ஏறத்தாழ ஒரே வேகத்திற்கும் பொருந்துமாறு தேர்ந்தெடுக்க வேண்டும். மெதுவான முதல் பாடலுக்குப் பின் துள்ளலான இரண்டாம் பாடல் வந்தால், மெதுவாக ஆட மட்டுமே தெரிந்தவர் நடுத்தளத்தில் மாட்டிக்கொள்வார். சோடிகளுக்கு இடையிலான இடைவெளியும் கணக்கிடப்பட்டதே. மிகக் குறைவாக இருந்தால் புதிய இணையைத் தேட நேரமிராது. மிக நீண்டால் மக்கள் சிற்றுண்டிச்சாலைக்குப் போய்விடுவர். கணினி வலையமைப்பின் நெறிமுறைகளோடு பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு வியப்பளிக்காது. இங்கும் இணைப்பைத் தொடங்குவதற்கும் முடிப்பதற்கும் இரு தரப்பும் முன்னரே ஒப்புக்கொண்ட முறை ஒன்று இருக்கிறது. அதனால்தான் முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோர் ஒரே தளத்தில் இடர்ப்பாடின்றி ஆட முடிகிறது.

ஆண்களே பெண்களை அழைப்பது பழைய வழக்கம். இதற்கு மாற்றாக, குறிப்பிட்ட நேரங்களில் "பெண்கள் முறை" என்று மேடையிலிருந்து அறிவிக்கப்படும். அப்போது அழைக்கும் உரிமை பெண்களுடையது. இரவின் கடைசி நடனம் எப்போதும் மெதுவானது. அதில் யாருடன் ஆடுவது என்பது பலருக்கு அந்த இரவு முழுவதன் விடையாக இருந்தது.

ஆடப்படும் நடனங்களுள் ஃபாக்ஸ்ட்ராட், புக் ஆகிய இரண்டும் முதன்மையானவை. ஃபாக்ஸ்ட்ராட் இணைகள் நெருக்கமாக நின்று தளத்தைச் சுற்றி நகர்ந்து ஆடுவது. புக் என்பது அமெரிக்க ஜிட்டர்பக் நடனத்திலிருந்து சுவீடனில் உருவான வடிவம். இணைகள் ஏறத்தாழ ஓரிடத்திலேயே நின்று, கைகளைப் பற்றிச் சுழன்று ஆடுவர். எனவே சுற்றி நகர்வோர் தளத்தின் வெளிவட்டத்திலும் நின்று ஆடுவோர் நடுவிலும் அமைந்துகொள்வர். வால்ஸ், ஷொட்டிஸ் போன்ற பழைய நடனங்களும் இடையிடையே வரும். புக் என்ற சொல் சுவீடனில் ஒருவகை மெல்லும் பசையின் வணிகப் பெயரும் ஆகும். 1987 இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்குச் சுவீடன் சார்பில் தேர்வான லோட்டா எங்பெரியின் பாடல், தலைப்பில் அப்பசையையும் ஒரு குளிர்பானத்தையும் குறிப்பிட்டதால், வணிகப் பெயர்களை அனுமதிக்காத போட்டி விதியின்படி வேறு தலைப்புடன் பாடப்பட்டது. லோட்டா எங்பெரியும் டான்ஸ்பாண்ட் பாடகியே ஆவார்.

இசையின் இயல்பு

மேற்கூறிய நெறிமுறையிலிருந்தே இசையின் இயல்புகள் பலவும் பிறக்கின்றன. பாடலின் நடுவே வேகம் மாறுவதில்லை. முன்னிசை குறுகியது, ஏனெனில் இணைகள் எந்த நடனம் என்பதைச் சில நொடிகளில் அறிந்துகொள்ள வேண்டும். பாடல் பெரும்பாலும் மூன்று நிமிட அளவினது. டிரம்ஸும் பேஸ் கிதாரும் தாளத்தைத் தெளிவாகத் தாங்க வேண்டும். அலங்காரங்களுக்கு இடம் குறைவு. சலிப்பைத் தவிர்க்க இறுதிப் பகுதியில் சுருதியை ஒரு படி உயர்த்துவது பரவலான உத்தியாகும்.

மெட்டுகள் சுவிங், ஜெர்மானிய ஷ்லாகர், அமெரிக்க நாட்டுப்புற (கன்ட்ரி) இசை, தொடக்ககால ராக் அண்ட் ரோல், அக்கார்டியன் மரபு ஆகிய பல மூலங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பாடல்வரிகள் காதல், பிரிவு, ஊர் நினைவு, கழிந்த இளமை ஆகியவற்றைச் சுற்றியே அமையும். வெளிநாட்டில் வெற்றி பெற்ற பாடலுக்கு உடனே சுவீடிய வரிகள் எழுதிப் பாடுவதும் வழக்கமாக இருந்தது. இதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. வாரத்தில் பல இரவுகள் வாசிக்கும் குழுவிற்கு, ஓர் இரவை நிரப்பப் பல பத்துப் பாடல்கள் தேவை. மக்கள் ஏற்கனவே அறிந்த மெட்டுக்குத் தயக்கமின்றி ஆடுவர்.

வீக்கிங்கார்னா: ஒரு குழுவின் வாழ்க்கை

டான்ஸ்பாண்ட் ஒன்றின் வாழ்க்கை எவ்வாறு அமையும் என்பதற்கு வீக்கிங்கார்னா ("வைக்கிங்குகள்") சிறந்த எடுத்துக்காட்டாகும். இக்குழு 1958 இல் மேற்குச் சுவீடனின் வேர்ம்லாந்து பகுதியிலுள்ள கார்ல்ஸ்டாட் நகரில் தொடங்கப்பட்டு 2004 வரை இயங்கியது. 46 ஆண்டுகளில் உறுப்பினர்கள் மாறினர், பாடகர்கள் மாறினர். பெயர் மட்டும் நிலைத்தது. இது டான்ஸ்பாண்ட் உலகின் பொதுத்தன்மையே. ராக் குழு ஒன்றில் முக்கிய உறுப்பினர் விலகினால் பெரும்பாலும் குழு கலைந்துவிடும். டான்ஸ்பாண்ட் ஒரு பட்டறையைப் போன்றது. ஒருவர் போனால் இன்னொருவர் அந்த இடத்தில் அமர்வார். அடுத்த வெள்ளிக்கிழமை ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி நடந்தே ஆக வேண்டும்.

குழு தொடங்கிய பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1975 இல், "கிராம்கூவா லோத்தர்" என்ற தலைப்பில் இசைத்தட்டு வரிசை ஒன்று தொடங்கப்பட்டது. "கட்டியணைக்க இனிய பாடல்கள்" என இதனை ஏறத்தாழப் பொருள்கொள்ளலாம். தலைப்பை மாற்றாமல் எண்ணை மட்டும் கூட்டி அடுத்தடுத்த தொகுதிகள் வெளிவந்தன. தனிப்பட்ட கலைப்படைப்பாகவன்றி, ஆண்டுதோறும் வீட்டுக்கு வரும் நாட்காட்டியைப் போல இசைத்தட்டு விற்கப்பட்டது எனலாம். வாங்குபவருக்கு உள்ளே என்ன இருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும், அதற்காகவே வாங்கினர். இங்மார் நூர்ட்ஸ்ட்ரெம்ஸ் குழு 1974 இல் தொடங்கிய "சாக்ஸ்பார்ட்டி" வரிசையும் இதே முறையைப் பின்பற்றியது.

அக்காலத்தில் வீக்கிங்கார்னாவின் பாடகர் ஸ்டெஃபான் போர்ஷ். 1977 இல் வெளியான "லேயெண்டெ குல்ட்ப்ரூனா ஓகோன்" ("புன்னகைக்கும் பொன்பழுப்பு விழிகள்") அவர் குரலில் நாடெங்கும் பரவியது. இதுவும் ஒரு டேனியப் பாடலின் சுவீடிய வடிவமேயாகும். மறு ஆண்டே, அதாவது 1978 இல், போர்ஷின் இடத்திற்குக் கிறிஸ்டெர் ஹெக்ரென் வந்தார். வேர்ம்லாந்தின் ஹாக்ஃபோர்ஸ் ஊரில் 1950 இல் பிறந்த இவர், ஆழ்ந்த குரலும் எல்விஸ் பிரெஸ்லியின் மீது மாறாத பற்றும் கொண்டவர். பாடகர் மாறிய பின்னும் குழுவின் வெற்றி குறையாமல் வளர்ந்தது குறிப்பிடத்தக்கது. 1979 யூரோவிஷன் போட்டியில் ஜெர்மனி பாடிய செங்கிஸ்கான் பற்றிய பாடலைக் குழு உடனே சுவீடிய மொழியில் பதிவு செய்தது. 1992 இல் வெளியான, ஹவாய்க் கனவு பற்றிய "டில் மித் எயெத் புளூ ஹவாய்" குழுவின் பிற்காலப் பாடல்களுள் மிகவும் புகழ்பெற்றதாகும்.

2004 இல் குழு தன் பயணத்தை முடித்துக்கொண்டது. ஹெக்ரென் தனிப் பாடகராகத் தொடர்ந்தார். 2008 இல் சுவீடனின் தேசியப் பாட்டுப் போட்டியான மெலோடிஃபெஸ்டிவாலனில் பங்கேற்று இறுதிச் சுற்றை அடைந்தார்.

வானொலி

மக்கள் பூங்காக்களுக்கு அடுத்தபடியாக இக்குழுக்களை வளர்த்தது சுவீடிய வானொலியின் "ஸ்வென்ஸ்க்டாப்பன்" என்ற வாராந்தரப் பாடல் வரிசை நிகழ்ச்சியாகும். 1962 இல் தொடங்கப்பட்ட இந்நிகழ்ச்சியில் சுவீடிய மொழிப் பாடல்களுக்கு மட்டுமே இடமிருந்தது. ஆங்கிலப் பாடல்கள் வெள்ளமெனப் புகுந்த காலத்தில், இவ்விதி உள்நாட்டு நடனக்குழுக்களுக்கு ஒரு வேலியாக அமைந்தது. வானொலியில் ஒரு பாடல் ஏறினால் அடுத்த பருவத்திற்கான நிகழ்ச்சிகள் தாமே வரும். 1982 இல் நிறுத்தப்பட்ட நிகழ்ச்சி 1985 இல் மீண்டும் தொடங்கியது. மொழி விதி 2003 இல் நீக்கப்பட்டது.

லாஸ்ஸெ ஸ்டெஃபான்ஸ் குழு கிறிஸ்டினா லிண்ட்பெரியுடன் பாடிய "டெ சிஸ்டா யூவா ஓரென்" ("இறுதி இனிய ஆண்டுகள்") 65 வாரங்கள் இவ்வரிசையில் இருந்தது. முதுமையில் வரும் காதலைப் பற்றிய பாடல் அது. இளைஞர் பாடல்களால் நிறைந்த வானொலியில் முதியவர்களைப் பற்றிய பாடல் ஓராண்டுக்கும் மேல் நிலைத்தது, இந்த இசையைக் கேட்பவர் யார் என்பதை ஓரளவு உணர்த்துகிறது. பின்னர் இச்சாதனை முறியடிக்கப்பட்டது. பென்னி ஆண்டர்சனின் ஆர்க்கெஸ்ட்ராவில் ஹெலன் ஹெஹோல்ம் பாடிய "தூ ஏர் மின் மான்" 2004 முதல் 2009 வரை 278 வாரங்கள் இடம்பெற்றது. அபா குழுவின் நால்வரில் ஒருவரான ஆண்டர்சன், இந்த ஆர்க்கெஸ்ட்ராவுடன் சுற்றுப்பயணம் செல்லும்போது மேடைக்கு முன் மிகப்பெரிய நடனத்தளம் அமைப்பதை வழக்கமாக்கினார்.

அபாவுக்கும் நடனத்தளத்திற்கும் உள்ள உறவு இன்னும் பழையது. அன்னி-ஃபிரிட் லிங்ஸ்டாட் சிறுமியாக இருந்தபோதே எஸ்கில்ஸ்டூனா நகரில் ஒரு நடன ஆர்க்கெஸ்ட்ராவில் பாடத் தொடங்கியவர். அக்னெதா ஃபெல்ட்ஸ்கோக்கும் யோன்ஷேப்பிங் பகுதியில் நடனக்குழு ஒன்றின் பாடகியாகவே தம் இசைவாழ்வைத் தொடங்கினார். உலகப் புகழ்பெற்ற அவ்விரு குரல்களும் மைக்கைப் பிடிக்கப் பழகியது இத்தகைய மேடைகளில்தான்.

பிற குழுக்கள்

வேர்ம்லாந்தின் ஸ்லாட்ஸ்ப்ரூன் என்ற சிற்றூரில் 1956 இல் தோன்றிய ஸ்வென்-இங்வார்ஸ், கோத்தென்பர்க்கின் ஃபிளமிங்கோக்வின்டெட்டென் (1960), ஸ்மோலாந்தின் நோர்ஹுல்ட் ஊரைச் சேர்ந்த தோர்லெய்ஃப்ஸ் (1962), ஸ்கோனேயின் லாஸ்ஸெ ஸ்டெஃபான்ஸ் (1967), அதே பகுதியின் விசெக்ஸ் (1973) ஆகியன பரவலாக அறியப்பட்டவை. இவற்றுள் பல சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் பிறந்தவை என்பது தற்செயலானதன்று. மக்கள் பூங்காக்களும் அவ்வாறான ஊர்களில்தான் உயிர்ப்புடன் இருந்தன. விசெக்ஸ் குழுவின் பாடகி கிக்கி டேனியல்சன், 1985 இல் யூரோவிஷன் போட்டியில் சுவீடன் சார்பில் தனியே பாடி மூன்றாமிடம் பெற்றார். கோத்தென்பர்க் பகுதியின் இளைஞர் குழுவான ஆர்விங்கார்னா, 1993 இல் "எலோயிஸ்" பாடலுடன் அதே போட்டியில் ஏழாமிடம் பெற்றது.

விமர்சனம்

1970கள் டான்ஸ்பாண்டின் பொற்காலம் எனப்படுகின்றன. அதே பத்தாண்டில்தான் இவ்விசை மீதான தாக்குதலும் உச்சத்தில் இருந்தது. வணிக இசைக்கு எதிராக "ப்ரோக்" என்ற இடதுசாரி இசை இயக்கம் சுவீடனில் வலுப்பெற்றிருந்தது. 1974 இல் அபா யூரோவிஷனை வென்றதால் 1975 இல் அப்போட்டி ஸ்டாக்ஹோமில் நடைபெற்றபோது, இவ்வியக்கத்தினர் எதிர்ப்பாகத் தனி விழாவே நடத்தினர். அவர்களது பார்வையில் டான்ஸ்பாண்ட் இசை, அச்சில் வார்த்த சரக்கு, சிந்தனையை மழுக்குவது. இதில் ஒரு முரண் உண்டு. தொழிலாளர்கள் தம் சொந்தப் பணத்தில் கட்டிய பூங்காக்களில், தொழிலாளர்களே சீட்டு வாங்கி ஆடிய இசையை, தொழிலாளர் பெயரால் பேசியவர்கள் புறந்தள்ளினர்.

குழுக்களின் தோற்றமும் ஏளனத்திற்குள்ளானது. அக்காலக் குழுவினர் அனைவரும் ஒரே நிறத்தில், அகன்ற கழுத்துப்பட்டையும் மின்னும் துணியும் கொண்ட சீருடை அணிந்து இசைத்தட்டு உறைகளில் புன்னகைத்தனர். பிற்காலத்தில் இவ்வுறைகள் இணையத்தில் உலகெங்கும் நகைப்புக்காகப் பகிரப்பட்டன. நகைத்தவர்களில் பெரும்பாலோர் அந்த இசையைக் கேட்டதில்லை. சீருடைக்கும் ஒரு பயன் இருந்தது. நூற்றுக்கணக்கானோர் சுழலும் இருண்ட கூடத்தில் மேடையில் நிற்போர் தனித்துத் தெரிய வேண்டும். உறுப்பினர் மாறினாலும் குழு அதே குழுவாகத் தோன்ற வேண்டும்.

விமர்சனம் முழுவதும் தவறு என்றும் கூறிவிட முடியாது. பாடல்கள் ஒன்றுபோல ஒலிப்பது உண்மையே. வரிகளில் புதுமை குறைவு என்பதும் உண்மையே. ஆனால் ஆடுவதற்காகச் செய்யப்பட்டதை அமர்ந்து கேட்பதற்கான அளவுகோலால் மட்டும் அளப்பது பொருந்தாது. கவிஞர் குஸ்தாவ் ஃப்ரோடிங்கின் பாடல்களுக்குத் தனி இசைத்தட்டே வெளியிட்ட ஸ்வென்-இங்வார்ஸ், 1991 இல் ஹுல்ட்ஸ்ஃப்ரேட் ராக் இசைவிழாவில் வாசித்தபோது, குழுவைவிட வயதில் மிக இளைய கூட்டம் அதனை வரவேற்றது. அதன்பின் அக்குழுவின் இரண்டாம் வாழ்க்கை தொடங்கியது.

சட்டமும் வரியும்

சுவீடனில் பொது இடத்தில் நடன நிகழ்ச்சி நடத்தக் காவல்துறையின் முன் அனுமதி தேவைப்பட்டது. அனுமதியற்ற உணவகம் ஒன்றில் வாடிக்கையாளர்கள் தாமாக எழுந்து ஆடினாலும் உரிமையாளருக்குச் சிக்கல் நேரலாம். பல ஆண்டுக்கால விவாதத்திற்குப் பின், 1 சூலை 2023 முதல் இந்த அனுமதி முறை நீக்கப்பட்டு, காவல்துறைக்குத் தெரிவித்தால் போதும் என்ற நிலை ஏற்பட்டது.

குழுக்களை இதைவிடக் கடுமையாகப் பாதித்தது மதிப்புக்கூட்டு வரியாகும். இசைக்கச்சேரிக்கான நுழைவுச்சீட்டுக்கு 6 விழுக்காடு வரி. நடன நிகழ்ச்சிக்கான சீட்டுக்கு 25 விழுக்காடு. கச்சேரி பண்பாட்டு நிகழ்வாகவும், நடனம் வெறும் கேளிக்கையாகவும் கருதப்பட்டதே இதன் பொருள். எடுத்துக்காட்டாக, வரியுட்பட 250 குரோனர் விலையுள்ள ஒரு சீட்டைக் கொள்வோம். கச்சேரி என்றால் அதில் வரி ஏறத்தாழ 14 குரோனர். நடனம் என்றால் 50 குரோனர். அதே குழு, அதே பாடல்கள், அதே கூடம். நாற்காலி போட்டால் ஒரு வரி, எடுத்துவிட்டால் வேறு வரி. ஆயிரம் பேர் வரும் இரவில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 36,000 குரோனர் ஆகும். பேருந்து, ஒலிக்கருவிகள், கூட வாடகை, உறுப்பினர் ஊதியம் அனைத்தும் சீட்டு வருவாயிலிருந்தே வர வேண்டிய தொழிலில் இது சிறு தொகையன்று. நிகழ்ச்சி நடத்துவோருக்கு, எந்நிகழ்ச்சி கச்சேரி, எந்நிகழ்ச்சி நடனம் என்று வரித்துறையுடன் வாதிட வேண்டிய நிலையும் ஏற்பட்டது.

இவ்வேறுபாட்டை நீக்கக் குழுக்களும் நடன அமைப்புகளும் நெடுங்காலம் கோரி வந்தன. 1 சூலை 2025 முதல் நடனத்திற்கான வரியும் 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

2000க்குப் பின்

மக்கள் பூங்காக்கள் பலவும் 1970களிலிருந்தே படிப்படியாக மூடப்பட்டன. டிஸ்கோ கூடங்கள் இளைஞரை ஈர்த்தன. ஸ்டாக்ஹோமிலிருந்து பின்லாந்து செல்லும் பயணக் கப்பல்களின் நடனக்கூடங்கள் குழுக்களுக்கு மாற்று மேடையாக அமைந்தன. டாலர்னா பகுதியின் மாலுங் ஊரில் 1986 முதல் கோடைதோறும் டான்ஸ்பாண்ட் வாரம் நடத்தப்பட்டு வந்துள்ளது. இத்துறையின் விருதான "குல்ட்கிளாவென்" அங்குதான் வழங்கப்படுகிறது.

2008 முதல் 2010 வரை சுவீடியத் தொலைக்காட்சி டான்ஸ்பாண்ட் குழுக்களுக்கான போட்டி நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியது. முதல் ஆண்டு எல்வ்டாலனைச் சேர்ந்த லார்ஸ்-கிறிஸ்டெர்ஸ் குழு வென்றது. அவர்கள் 1970களின் சீருடையையும் ஒலியையும் திட்டமிட்டே மீட்டெடுத்திருந்தனர். அடுத்த ஆண்டு ராக் அண்ட் ரோல் பாணியிலான தி பிளேடோன்ஸ் வென்றது. நகைப்புக்குரியதாக இருந்த சீருடை மீண்டும் விரும்பப்படும் பொருளாயிற்று.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றின் காரணமாகச் சுவீடனில் பொதுக்கூட்டங்களுக்கு முதலில் 500 பேர், பின்னர் 50 பேர் என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. இணை நடனம் தொற்றுக்காலத்தில் நினைத்தும் பார்க்க இயலாதது. இசைத்தட்டு விற்பனை ஏற்கனவே சுருங்கியிருந்ததால் மேடையை மட்டும் நம்பியிருந்த குழுக்கள் வருவாயின்றி நின்றன.

ஸ்வென்-இங்வார்ஸ் குழுவைத் தொடக்க ஆண்டுகளிலிருந்து பாடி வழிநடத்திய ஸ்வென்-எரிக் மாக்னுசன் 22 மார்ச் 2017 அன்று காலமானார். குழு கலையவில்லை. அவருடைய மகன் ஆஸ்கர் மாக்னுசன் பாடகர் இடத்தில் நின்று அப்பாவின் பாடல்களைப் பாடத் தொடங்கினார்.